4. எந்தப் படியில் சிக்கல்? – வீட்டில் முதியவரின் அன்றாட வேலைகள்

"அப்பாவால முன்ன மாதிரி முடியல டாக்டர்." பெரும்பாலான குடும்பங்கள் மருத்துவரிடம் இப்படித்தான் பேச்சைத் தொடங்குகின்றன. இதை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் எதுவும் செய்ய இயலாது. எது முடியவில்லை? குளிக்கவா, குளியலறை வரை நடக்கவா, தாழ்வான முக்காலியிலிருந்து எழவா, முதுகு தேய்க்கவா? கேள்வியை இந்த அளவுக்கு இறக்கினால்தான் விடை கைக்கு அகப்படும். எழுவதுதான் சிரமம் என்றால் உயரமான நாற்காலி ஒன்றே போதும். அது தெரியாதபோது குளிப்பாட்டிவிட ஆள் தேடுகிறோம். சில மாதங்களில், தானே சோப்புப் போட்டுக்கொண்டிருந்தவர் அதையும் விட்டுவிடுகிறார்.

இந்த அத்தியாயம் சொல்லவருவது ஒன்றுதான்: வேலை முழுவதையும் வாங்கிக்கொள்ளாதீர்கள். சிக்கும் படியைக் கண்டுபிடித்து, அங்கே மட்டும் கைகொடுங்கள்.

இரண்டு பட்டியல்கள்

அமெரிக்க மருத்துவர் சிட்னி கேட்ஸும் அவரது குழுவினரும் க்ளீவ்லாந்து நகரின் பெஞ்சமின் ரோஸ் மருத்துவமனையில் இடுப்பெலும்பு முறிந்தவர்கள் உள்ளிட்ட முதியவர்களைக் கவனித்து, 1963-இல் ஆறு வேலைகளைப் பட்டியலிட்டனர்: குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போய்வருவது, படுக்கையிலிருந்தும் நாற்காலியிலிருந்தும் எழுவது, சிறுநீர் மலத்தை அடக்குவது, சாப்பிடுவது. இவை உடம்பைப் பேணும் வேலைகள்.

1969-இல் ஆய்வாளர்கள் லாட்டன், ப்ரோடி இருவரும் இன்னொரு பட்டியல் தந்தார்கள்: போன் பேசுவது, கடைக்குப் போவது, சமைப்பது, வீட்டைச் சுத்தமாக வைப்பது, துணி துவைப்பது, வெளியே பயணம் செய்வது, மருந்தைச் சரியாக எடுப்பது, பணத்தைக் கையாள்வது. இவை வீட்டை நடத்தும் வேலைகள்.

இந்தியாவில் 2017–18-இல் நடந்த 'லாசி' என்ற நாடு தழுவிய முதியோர் ஆய்வில், 60 வயதைக் கடந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு உடம்பைப் பேணும் வேலைகளில் ஒன்றிலாவது சிரமம் இருந்தது. வீட்டை நடத்தும் வேலைகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்குச் சிரமம். உங்கள் வீட்டில் நடப்பது ஊரில் பாதி வீடுகளில் நடப்பதுதான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பொதுவாக இரண்டாவது பட்டியல் முதலில் தடுமாறும். வங்கி வேலை, வெளியூர்ப் பயணம், மருந்துக் கணக்கு என்று அங்கே தொடங்கிப் பிறகுதான் உடம்பைப் பேணும் வேலைகளுக்கு வரும். அவற்றிலும் ஒரு வரிசை உண்டு. பெரும்பாலும் முதலில் போவது குளியல். கடைசிவரை நிற்பது தானே சாப்பிடுவது. நோயிலிருந்து தேறும்போது இந்த வரிசை தலைகீழாகத் திரும்புவதை கேட்ஸ் குழுவினர் கண்டார்கள். ஆகவே ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் தானே சாப்பிடத் தொடங்கி, எழுந்து நாற்காலிக்கு மாறவும் தொடங்கிவிட்டால், குளியல் தாமதமாவதைப் பார்த்துக் கலங்கவேண்டாம். அது கடைசியில்தான் வரும்.

ஓர் எச்சரிக்கை. வாழ்நாளில் அடுப்பங்கரைப் பக்கமே எட்டிப்பார்க்காத அப்பாவுக்குச் 'சமைக்க முடியவில்லை' என்று குறித்தால் கணக்கு தவறிப்போகும். ஒப்பிட வேண்டியது பக்கத்து வீட்டுத் தாத்தாவோடும் இல்லை. போன வருடத்து அப்பாவோடு.

ஒரு வாரம் கவனியுங்கள்

"குளிக்க முடியுதா?" என்று கேட்டால் "முடியுதே" என்றுதான் பதில் வரும். பிள்ளைகளுக்குப் பாரமாகிவிடுவோமோ என்ற பயம் அதற்குள் இருக்கும். கேட்பதைக் குறைத்துப் பாருங்கள். ஒரு நோட்டை எடுத்து, மேலே சொன்ன வேலைகளை ஒவ்வொரு வரியாக எழுதி, நான்கு நிலைகளில் ஒன்றைக் குறியுங்கள்:

அ. தானே, சிரமமின்றிச் செய்கிறார்.
ஆ. தானே செய்கிறார்; ஆனால் நேரமாகிறது, மூச்சு வாங்குகிறது, வலிக்கிறது, அல்லது தவிர்க்கப் பார்க்கிறார்.
இ. பொருளின் துணையோடு, அல்லது ஒருவர் பக்கத்தில் நின்றால் செய்கிறார்.
ஈ. ஒருவர் கை போட்டால்தான் நடக்கிறது.

முக்கியமானது 'ஆ'. குடும்பங்கள் கோட்டைவிடுவது இங்கேதான். வெள்ளிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளித்தவர் "சளி பிடிக்குது" என்று விட்டுவிடுவது, தினம் மாற்றும் சட்டையை இரண்டு நாள் போடுவது, மாடிக்குத் துணி உலர்த்தப் போவதை நிறுத்துவது, சுவரைத் தொட்டுத் தொட்டு நடப்பது, கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் "அங்க பாத்ரூம் எப்படி இருக்குமோ" என்று தயங்குவது – எல்லாமே 'ஆ'. இந்தக் கட்டத்தில் செய்யும் சிறு மாற்றம் 'ஈ'-க்குப் போவதைத் தள்ளிப்போடும்.

இன்னொரு வேறுபாட்டையும் குறியுங்கள்: செய்ய முடிகிறது, ஆனால் செய்வதில்லை. காரணம் மனச்சோர்வாக இருக்கலாம்; விழுந்துவிடுவோமோ என்ற அச்சமாக இருக்கலாம்; செய்ய நாம் விடாததாகவும் இருக்கலாம்.

நடையை அளக்க எளிய சோதனை ஒன்று. கைப்பிடியுள்ள நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் தன் வழக்கமான வேகத்தில் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லுங்கள். அவர் வழக்கமாகப் பயன்படுத்தும் கைத்தடியோடே நடக்கட்டும். நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள். 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் ஆபத்து கூடுதல் என்று கொண்டு மருத்துவரிடம் பேசுங்கள்.

குளியலைப் பிரித்துப் பார்ப்போம்

மூட்டுவலியுள்ள, எழுபது வயதைக் கடந்த ஒரு மாமியாரை எடுத்துக்கொள்வோம். குளிக்கப் போனால் முக்கால் மணி நேரம். மருமகள் பயந்துபோய், "அத்தை, இனிமே நானே ஊத்திவிடறேன்" என்கிறாள். அதற்கு முன் அந்தக் குளியலைப் படிப்படியாகப் பிரிக்கலாம்.

1. துணி, துண்டு எடுத்துக்கொண்டு போவது. பீரோவின் மேல்தட்டில் இருந்தால் தோள் தூக்கவேண்டும். இடுப்பு உயரத் தட்டுக்கு மாற்றினால் தீர்ந்தது.

2. குளியலறை நிலைப்படியைத் தாண்டுவது. பல வீடுகளில் தரை ஒரு படி கீழே இறங்கும். அந்த இடத்திலேயே ஈர மிதியடியும் கிடக்கும். மிதியடியை எடுத்துவிட்டு, படிக்குப் பக்கத்துச் சுவரில் நெட்டுவாக்கில் ஒரு கைப்பிடி பொருத்துங்கள். படியின் விளிம்பில் பளிச்சென்ற நிறத்தில் ஒரு பட்டை ஒட்டுங்கள். பார்வை மங்கியவருக்குச் சாம்பல் தரையும் சாம்பல் படியும் ஒன்றாகவே தெரியும்.

3. உட்காருவது, எழுவது. குளியலறை முக்காலியும் மணையும் முழங்காலுக்குக் கீழே இருக்கும். முழங்கால் உயரமோ சற்றுக் கூடுதலோ உள்ள, ரப்பர் அடியுள்ள குளியல் நாற்காலி வேண்டும். கைப்பிடி இருந்தால் நல்லது. லேசான பிளாஸ்டிக் நாற்காலி ஈரத்தரையில் கால் பரப்பி வழுக்கும், அதை நம்பவேண்டாம்.

4. தண்ணீர் மொள்வது. தரையில் இருக்கும் வாளிக்குள் மக்கை விட, ஒவ்வொரு முறையும் இடுப்பு வளைகிறது; குனிந்து நிமிரும்போது தலையும் சுற்றுகிறது. வாளியை உறுதியான ஸ்டூலின் மேல் வையுங்கள், அல்லது கைஷவர் பொருத்துங்கள். சூடு பார்ப்பது உங்கள் வேலை. முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர் என்ற வரிசையில் கலந்தால் கை வெந்துபோகாது. நீண்டநாள் சர்க்கரை நோயாளிக்குப் பாதத்தில் சூடே உறைக்காமல் போகலாம்.

5. முதுகு, பாதம் தேய்ப்பது. நீளக் கைப்பிடியுள்ள பிரஷ், அல்லது இரு முனையிலும் பிடித்து இழுக்கும் நார்த்துணி போதும்.

6. துவட்டி உடுத்துவது. ஈரத்தரையில் ஒற்றைக்காலில் நின்று பாவாடைக்குள் கால் விடுவதுதான் குளியலறையின் மிக ஆபத்தான நிமிடம். துண்டைச் சுற்றிக்கொண்டு அறைக்கு வந்து, கட்டிலில் உட்கார்ந்து உடுத்தட்டும்.

இப்படிப் பார்த்தால் அந்த அத்தைக்குச் சிக்கியது மூன்றாம், நான்காம் படிகள் என்று தெரியவரலாம். ஒரு நாற்காலி, வாளிக்கு ஒரு ஸ்டூல். ஊற்றிவிட யாரும் தேவைப்படாமலே போகலாம்.

கைப்பிடிக் கம்பி பற்றிச் சில வார்த்தை. துண்டு போடும் கம்பி ஆள் எடையைத் தாங்காது, பிய்த்துக்கொண்டு வந்துவிடும். கைப்பிடிக்கென்றே செய்த கம்பியைச் செங்கல் அல்லது கான்கிரீட் சுவரில் நங்கூர போல்ட் போட்டு இறுக்கவேண்டும். சுவருக்கும் கம்பிக்கும் இடையே சுமார் 4 செ.மீ. இருந்தால் விரல்கள் சுற்றிப் பிடிக்கும். உயரத்தைக் கொத்தனார் முடிவு செய்யக்கூடாது. முதியவரை அங்கே நிற்கவைத்து, அவர் கை இயல்பாகப் போகும் இடத்தில் பென்சிலால் குறியுங்கள்.

எண்ணெய்க் குளியல் நாளில் எண்ணெயை அறையில் தேய்க்காமல், எளிதில் கழுவக்கூடிய இடத்தில் உட்காரவைத்துத் தேயுங்கள். எண்ணெய்ப் பாதத்தோடு நடக்கவிடாதீர்கள். கதவின் தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்கக்கூடியதாக இருக்கட்டும். உள்பக்கம் திறக்கும் கதவென்றால், விழுந்தவர் உடம்பே கதவை அடைத்துவிடும். முடிந்தால் வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றுங்கள்.

மற்ற வேலைகள்: சிக்கும் இடமும் தீர்வும்

எழுவது: படுக்கையிலிருந்து நேராக நிமிராமல், ஒருக்களித்துப் படுத்து, காலைக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழவேண்டும். இரண்டு நிமிடம் உட்கார்ந்த பிறகே நிற்கவேண்டும். ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கு நின்றவுடன் அழுத்தம் சட்டென இறங்கக்கூடும். நாற்காலியிலிருந்து எழ: முன்விளிம்புக்கு நகர்ந்து, பாதத்தைப் பின்னுக்கு இழுத்து, மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை முன்னே சாய்ந்து, கைப்பிடியை அழுத்தி எழவேண்டும். அவர் கையைப் பிடித்து நாம் இழுத்தால் அவர் தோளுக்கும் கேடு, நம் இடுப்புக்கும் கேடு.

கழிப்பறை: குந்தி எழ முடியாதவருக்கு, இந்தியன் டாய்லெட்டை இடிக்காமலே அதன் மேல் வைக்கும் கமோடு நாற்காலி மருத்துவ உபகரணக் கடைகளில் கிடைக்கிறது. இருக்கை உயரம் 45–48 செ.மீ. பலருக்குப் பொருந்தும். இரவில் கட்டிலிலிருந்து கழிப்பறை வரை ஒரு சின்ன விளக்கு எரியட்டும். "ராத்திரி எழுந்திருக்கணுமே" என்று மாலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிடும் பெரியவர்கள் ஏராளம். மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் அதனால் வரும். வழியைச் சரிசெய்தால் தண்ணீர் தானாகக் கூடும்.

உடுத்துவது: பலவீனமான கை முதலில் உள்ளே, கடைசியில் வெளியே. பாவாடை நாடாவுக்குப் பதில் எலாஸ்டிக், வேட்டிக்கு ஒட்டுப்பட்டை, ஜாக்கெட்டில் கொக்கிக்குப் பதில் அழுத்துப் பட்டன். புடவையை விடச் சொல்லி நைட்டியைத் திணிக்காதீர்கள். கொசுவம் தைத்த புடவையும் கிடைக்கிறது. எதை உடுத்துவது என்பது அவர் உரிமை.

சாப்பிடுவது: நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிடவேண்டும். நம்மூரில் டம்ளரை அண்ணாந்து குடிக்கும் பழக்கம் உண்டு. விழுங்கச் சிரமப்படுபவருக்கு அது ஆபத்து; தலை பின்னே சாய்ந்தால் தண்ணீர் மூச்சுக்குழலுக்குள் போகலாம். வாய் வைத்து, தலை நேராக, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கட்டும். ஒவ்வொரு வாய்க்கும் இருமினாலோ, குடித்தபின் குரல் கரகரத்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். கை நடுங்கினால் டபரா டம்ளருக்குப் பதில், காதுள்ள கனமான கோப்பையில் பாதியளவு காபி.

சமையல்: அரிவாள்மணைக்குக் கீழே உட்கார முடியாதவர் மேசையில் கத்தியால் நறுக்கலாம். தூக்கமுடியாத குக்கரை நீங்கள் இறக்குங்கள். தாளிப்பதை அவரிடம் விடுங்கள். கீரை ஆய்வது, சின்ன வெங்காயம் உரிப்பது, பூ கட்டுவது எல்லாம் விரலுக்குப் பயிற்சி. 'நான் இந்த வீட்டுக்கு வேண்டியவள்' என்ற நினைப்புக்கும் பயிற்சி. அடுப்பை அணைக்க மறப்பது அடிக்கடி நடந்தால் அது வேறு கணக்கு. மறதிக்கான பரிசோதனை தேவை.

மருந்தும் பணமும்: காலை, மதியம், மாலை, இரவு என்று பிரித்த வாரப்பெட்டி நல்லது. ஞாயிறன்று அவரே நிரப்பட்டும், நீங்கள் சரிபாருங்கள். கடையில் வேறு கம்பெனி மாத்திரை கொடுத்தால் நிறம் மாறும். புதிது என்று நினைத்துப் பழையதையும் சேர்த்து விழுங்கிவிடுவதும் உண்டு. ஓய்வூதியர் உயிர்வாழ்ச் சான்றுக்காக வரிசையில் நிற்கவேண்டியதில்லை. ஜீவன் பிரமாண் வழியாக டிஜிட்டலாக அளிக்கலாம். தபால்காரரை வீட்டுக்கே வரவழைத்தும் முடிக்கலாம். ஓடிபி எண்ணை யாருக்கும் சொல்லக்கூடாது என்பதைப் போனுக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்.

வாசல்: வாக்கர், சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் கட்டினால் 1-க்கு 12 என்ற சரிவு வேண்டும். 15 செ.மீ. உயரப் படிக்கு 180 செ.மீ. நீளம். இடமில்லை என்று செங்குத்தாகக் கட்டினால் அது சறுக்குமரம். கைத்தடியின் உயரம், செருப்போடு நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்புக்கு நேராக வரவேண்டும். வலிக்கும் காலுக்கு எதிர்க்கையில் பிடிக்கவேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முன்னே. இறங்கும்போது வலிக்கும் கால் முன்னே.

உதவும் கலை

உதவியிலும் படிகள் உண்டு. கீழ்ப்படியிலிருந்து தொடங்குங்கள்: பொருளை எட்டும் இடத்தில் வைப்பது, வாயால் நினைவூட்டுவது, செய்துகாட்டுவது, பக்கத்தில் நிற்பது, தொட்டு வழிகாட்டுவது, ஒரு பகுதியை மட்டும் செய்துகொடுப்பது, முழுவதும் செய்வது. ஒவ்வொரு நாளும் எந்தப் படி போதுமோ அங்கேயே நில்லுங்கள். சட்டைப் பட்டனில் மேல் இரண்டை அவரும் கீழ் மூன்றை நீங்களும் போட்டால் அது கூட்டு முயற்சி. ஐந்தையும் நீங்களே போட்டால் அடுத்த மாதம் அவர் கையையும் நீட்டமாட்டார்.

இதற்கு வேண்டியது நேரம். பள்ளி, அலுவலகம் கிளம்பும் காலை எட்டு மணிக்குப் பொறுமை யாருக்கும் வராது. அப்பாவின் குளியலைப் பத்தரை மணிக்கு மாற்றுங்கள். பாதிச் சண்டை தீரும்.

சொல்லும் முக்கியம். "நீங்க உட்காருங்க, நான் பாத்துக்கறேன்" என்பது பாசமான வார்த்தைதான். தினமும் கேட்டால் "உங்களால ஆகாது" என்றே காதில் விழும். "முதுகு மட்டும் நான் தேய்க்கட்டுமா அத்தை?" என்று கேட்டுப் பாருங்கள்.

படுக்கை ஒரு மருந்தல்ல

'ரெஸ்ட் எடுங்க' என்ற அறிவுரையை அளந்து கொடுக்கவேண்டும். 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமான முதியவர்கள் 10 நாள் படுத்தே இருந்ததில், கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசைத்திசு குறைந்தது. காய்ச்சலோடு படுப்பவரின் நிலையை யோசித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் தடுக்காதவரை, சாப்பாட்டுக்காவது எழுந்து நாற்காலிக்கு வரட்டும்.

வீட்டில் செய்ய எளிய பயிற்சி: சுவரோடு ஒட்டிவைத்த நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. ஐந்து முறையில் தொடங்கி மெல்லக் கூட்டலாம். கழிப்பறையில் எழவும் பேருந்து இருக்கையிலிருந்து எழவும் உதவுவது இதே தசைதான். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், சமீபத்திய அறுவைச் சிகிச்சை இருந்தால் மருத்துவரையோ பிசியோதெரபிஸ்ட்டையோ கேட்டபின் தொடங்குங்கள்.

திடீரென்று நின்றுபோனால்

மாதக்கணக்கில் மெல்லக் குறைவது வேறு. நேற்றுவரை நடந்தவர் இன்று எழவில்லை என்பது வேறு. இரண்டாவதை 'வயசாயிடுச்சு' என்று தள்ளிவிடாதீர்கள். முதியவருக்குச் சிறுநீர்த் தொற்றும் நிமோனியாவும் காய்ச்சலே இல்லாமல் குழப்பமாக, சோர்வாக, படுக்கையை நனைப்பதாக மட்டும் வெளிப்படலாம். உப்புச்சத்துக் குறைவு, புதிய மாத்திரை, வெளியே தெரியாத எலும்பு முறிவு, எல்லாமே காரணமாகலாம். அன்றே மருத்துவரைப் பாருங்கள். முகம் கோணினால், ஒரு கை துவண்டால், பேச்சு குழறினால் பக்கவாதம். ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

வெளியே கிடைக்கும் துணை

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், ரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்கான மாத்திரைகளோடு இயன்முறை சிகிச்சையும் வலி நிவாரணப் பராமரிப்பும் வீடு தேடி வருகின்றன. பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். ரேஷன் பொருள்களை முதியோர் வீட்டுக்கே கொண்டுவரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது. மத்திய அரசின் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டம் (2017), வசதி குறைந்த முதியவர்களுக்குக் கைத்தடி, வாக்கர், சக்கர நாற்காலி, கண்ணாடி, காது கேட்கும் கருவி, பல்செட் ஆகியவற்றை இலவசமாகத் தருகிறது. முதியோர் உதவி எண் 14567. சென்னையில் இருப்பவர்களுக்குக் கிண்டியில் 2024-இல் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மருத்துவமனையும் உண்டு.

இந்த வாரம் செய்யவேண்டியவை

• திங்கள் முதல் ஞாயிறு வரை அ–ஆ–இ–ஈ குறிப்பை எழுதுங்கள்.
• 'ஆ' என்று வந்தவற்றில் ஒரே ஒரு வேலையைத் தேர்ந்து, படிகளாகப் பிரித்து, சிக்கும் படியைக் கண்டுபிடியுங்கள். எந்த வேலையை முதலில் எடுப்பது என்று அவரையே கேளுங்கள். உங்களுக்குக் குளியல் பெரிதாகத் தெரியலாம். அவருக்குக் கோயில் வாசல் வரை நடந்துவருவது பெரிதாக இருக்கலாம்.
• செலவில்லாத மாற்றத்தை முதலில் செய்யுங்கள்: மிதியடி, தட்டின் உயரம், விளக்கு, நேரம்.
• பொருள் வாங்கினால் கடையிலேயே அவர் உட்கார்ந்து எழுந்து பார்க்கட்டும்.
• கண்ணாடியின் பவர், காது, பாதம், பல் நான்கையும் கடைசியாகச் சோதித்த தேதியை எழுதுங்கள். நினைவுக்கு வராவிட்டால் தாமதமாகிவிட்டது என்று பொருள்.
• கவனித்துக்கொள்பவருக்கு வாரத்தில் அரை நாளாவது விடுப்பு. யார் மாற்று என்று உடன்பிறந்தோர் இப்போதே பேசி முடிவு செய்யுங்கள்.
• அடுத்த கணிப்புக்கான தேதியைக் காலண்டரில் குறியுங்கள்: மூன்று மாதத்துக்கு ஒருமுறை, தவிர ஒவ்வொரு ஆஸ்பத்திரி வாசத்துக்குப் பிறகும். 'ஈ' 'இ' ஆகியிருந்தால் கொடுக்கும் உதவியில் ஒரு படி குறையுங்கள். கூட்டுவதற்குக் காட்டும் அக்கறையைக் குறைப்பதற்கும் காட்டவேண்டும்.